மணல் பெட்டியில் கண்ட எல்லை

2025 ஜனவரி 7 அன்று திபெத்தின் டிங்ரி பகுதியில் 7.1 அளவில் நிலம் நடுங்கியது. அன்று மாலை, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் பாடப்புத்தகத்தோடு என் பட்டறைக்கு வந்தாள். அதிலிருந்த வரைபடத்தில் இமயமலை அடிவாரத்தை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குத் தெற்கே இந்தியத் தட்டு, வடக்கே யுரேசியத் தட்டு. பூமியின் மேற்புறம் பிரிந்திருக்கும் பெரும் பாறைத் துண்டுகளைத்தான் தட்டு என்கிறார்கள்.

"சித்தப்பா, கோடு இங்கே இருக்கிறது. நடுங்கியதோ மலைக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் எல்லை எது?"

மலைக்கு அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடவில்லை என்றேன். 2008 மே மாதம் சீனாவின் வென்சுவானில் 7.9. 1957இல் மங்கோலியாவின் கோபி அல்தாய் மலைகளில் 8.1, அது இமயமலையிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே. இவற்றுக்கெல்லாம் பின்னால் இந்தியத் தட்டின் தள்ளல் இருக்கிறது. "அப்புறம் எதற்குக் கோடு போட்டார்கள்?" என்று கேட்டாள். எங்கள் கரையில் எல்லோருக்கும் 2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லை கிழிந்த நாள் அது. அந்த எல்லை கடலடிப் பள்ளம். அதைக் கோடாக வரைவதில் பெரிய பிழை இல்லை. கடல் தட்டின் பாறை உறுதியானது. விளிம்பில் மட்டும் வளைந்து உள்ளே போகும். கண்டத்தின் பாறை அப்படி நடந்துகொள்வதில்லை. அதே சுமத்ராவில்கூடப் பள்ளத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தீவின் முதுகெலும்பு போல 1,900 கிலோமீட்டர் நீளப் பிளவு ஒன்று ஓடி, தள்ளலின் பக்கவாட்டுப் பங்கைத் தனியாக வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் வாயால் சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை. செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். தை மாதம் தொடங்கிய வேலை பங்குனியில்தான் முடிந்தது.

பாறையை மணலால் போலச் செய்வது புதிய யோசனை அல்ல. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால் 1815இலேயே துணி அடுக்குகளையும் களிமண்ணையும் இரு பக்கமும் நெருக்கி, மலைகளில் தெரியும் மடிப்புகளை மேசை மீது கொண்டுவந்தார். அது ஏன் பொருந்துகிறது என்பதற்கான கணக்கை அமெரிக்கப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1937இல் எழுதினார். நீளத்தை ஐந்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், பொருளின் வலிமையையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். கருங்கல்லை அந்த விகிதத்தில் நலிவடையச் செய்தால் கையில் கிடைப்பது உலர்ந்த மணல். ஒரு சிறு கருங்கல் துண்டை எடுத்து நெருக்கினால் அது மலைத்தொடர் போல நடந்துகொள்ளாது. ஒரு பிடி மணல் நடந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னமும் வியப்பு அடங்கவில்லை.

பெட்டி 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். அடியில் படகுக்குப் போடும் ஒட்டுப்பலகை, இரு பக்கமும் ஜன்னல் கண்ணாடி. ஒரு முனையில் தள்ளும் பலகை. அதைத் தள்ள 12 மி.மீ. திருகு கம்பி. அந்தக் கம்பியின் மரையிடைவெளி 1.75 மி.மீ. என்பதால், ஒரு சுற்றுச் சுற்றினால் பலகை அவ்வளவு நகரும். நாற்பது சுற்றுக்கு 70 மி.மீ. முதலில் கார் ஜாக்கியைப் படுக்க வைத்துப் பார்த்தேன். அது விரிய விரிய ஒரு சுற்றுக்கு நகரும் தூரம் மாறிக்கொண்டே போகிறது. அளவு வேண்டிய வேலைக்கு ஆகாது.

மணலுக்குப் பஞ்சமா? தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு முற்றமே மணல்தான். ஒரு வாளி அள்ளி, மாவுச் சல்லடையில் சலித்து, பெட்டியில் மூன்று செ.மீ. உயரத்துக்குப் போட்டுத் தள்ளினேன். மணல் மடியவும் இல்லை, பிளக்கவும் இல்லை. கட்டியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையால் சுரண்டினால் செங்குத்தாக நிற்கிறது. காரணம் உப்பு. எங்கள் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கின்றன. உப்பு ஒட்டிய மணல் வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும், நிழலுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஹப்பர்ட்டின் கணக்கில் இந்த ஒட்டுதல் பெரிய குற்றம். இந்தப் பெட்டியின் அளவுக்கு ஈர மணல் என்பது இரும்பு மலை.

ஆகவே மணலைக் கழுவினேன். இரண்டு முறை கிணற்று நீர், மூன்றாவது முறை குடிநீர். இங்கே குடிநீரை மணல் கழுவச் செலவிடுவது எளிய காரியமல்ல. ஒரு குடத்துக்கு மேல் எடுக்கவில்லை. கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போயிற்று. இரும்புத் தகட்டில் பரப்பி இரண்டு நாள் காய வைத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்தேன். புனலிலிருந்து ஊற்றிப் பார்த்தபோது குவியல் 33 பாகையில் சரிந்து நின்றது. கட்டி இல்லை, சுவர் இல்லை. அதன் பிறகுதான் அது மேலோட்டுப் பாறையாகப் பயன்படத் தொடங்கியது.

அடுக்குகள் தெரிய நிறம் வேண்டும். மனைவியின் ஊர் சாயல்குடிப் பக்கம். அங்கிருந்து தேரிச் செம்மண் இரண்டு கிலோ வந்தது. தேரி மணலின் சிவப்பு, மணியைச் சுற்றி ஒட்டியிருக்கும் இரும்புத் துருப் பூச்சு. அந்தப் பூச்சோடு நுண்தூளும் இருப்பதால் கழுவாமல் போட்டால் சிவப்பு அடுக்கு மட்டும் விறைத்து நிற்கும். கழுவினால் சிவப்பு சற்று மங்கும், ஆனாலும் வெள்ளை மணலுக்கு நடுவே நன்றாகவே தெரிகிறது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று அரை செ.மீ. கனத்தில் ஆறு அடுக்கு.

மேற்பரப்பில் இரண்டு செ.மீ. இடைவெளியில் கடுகு. வரிசை வரிசையாக, கட்டம் போட்டது போல. இது அவளுடைய யோசனை. மேலே உத்தரத்தில் கைப்பேசியைக் கட்டி, ஐந்து சுற்றுக்கு ஒருமுறை படம். புவியியலார் மலை மீதும் சமவெளியிலும் ஜிபிஎஸ் நிலையங்களை நட்டு ஆண்டுக்கணக்கில் அளப்பதைத்தான் கடுகு இங்கே செய்கிறது. நான் அட்டைக் கொடிகள் நடலாம் என்றிருந்தேன். கொடியின் காம்பு மணலுக்குள் போய் அடுக்கைக் கெடுக்கும். கடுகு மேலே சும்மா உட்கார்ந்து மணலோடு போகும். அவள் சொன்னதுதான் சரி.

வெறும் மணலை முதலில் தள்ளினோம். ஐந்தாவது சுற்றில் பலகைக்கு முன்னால் ஐந்தரை செ.மீ. தள்ளி ஒரு சிறு விளிம்பு எழுந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடியிலிருந்து சரிவாக மேலேறும் ஒரு பிளவு. சிவப்பு அடுக்கு அறுந்து தன் மீதே ஏறியிருந்தது. பாகைமானி வைத்தேன்: 28. மணலின் சரிவுக் கோணத்தில் பாதியை 45இலிருந்து கழித்தால் 28.5 வருகிறது. ஏட்டுக் கணக்கு மணலில் வந்து உட்கார்ந்த அந்த நொடியை நான் மறக்கப்போவதில்லை. பதினேழாவது சுற்றில் அதற்கு முன்னால் இரண்டாவது பிளவு, முப்பத்தொன்றில் மூன்றாவது. பழைய பிளவு ஓய்ந்து, புதியது எப்போதும் முன்பக்கத்தில் பிறக்கிறது.

இமயமலையில் இதே வரிசை இருக்கிறது. வடக்கே மைய உந்துப் பிளவு, அதற்குத் தெற்கே எல்லை உந்துப் பிளவு, கங்கைச் சமவெளியின் ஓரத்தில் முகப்பு உந்துப் பிளவு. தெற்கே வர வர வயது குறைகிறது. இந்த முதல் சோதனையில் பலகையை ஆசியா என்றும், மணலை உள்ளே நுழையும் இந்தியாவின் மேற்பாறை என்றும் படிக்க வேண்டும். புல்டோசரின் முன்னால் மண் குவிவது போல, இந்தியாவின் மேல்தோல் சீவப்பட்டு அடுக்கடுக்காகக் குவிந்ததுதான் இமயம்.

ஆனால் இதில் அவள் கேள்விக்கு விடை இல்லை. நாற்பது சுற்று முடிந்தபோதும் சிதைவு பலகைக்கு முன்னால் பதினோரு செ.மீ. தூரத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்கு அப்பால் கடுகு அசையவே இல்லை. வெறும் மணலில் எல்லை ஏறக்குறைய கோடுதான்.

குறை அடியில் இருந்தது. பூமிக்குள் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறுகிறது. 300 பாகையைத் தாண்டினால் குவார்ட்ஸ் நிறைந்த பாறை உடைவதை விட்டு மெல்ல ஒழுகத் தொடங்கும். அதாவது கண்ட மேலோட்டில் மேலே 10, 15 கிலோமீட்டர் மட்டும்தான் மணல். அதற்குக் கீழே பாகு. என் பெட்டியில் பாகு இல்லை.

பாகு என்றதும் கருப்பட்டிப் பாகு காய்ச்சினேன். மணல் அதை விளக்குத்திரி போல உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் காலையில் அடியிரண்டு அடுக்கு கல்லாகியிருந்தது. பெட்டி முழுக்க எறும்பு. மைதாப் பசை இரண்டு நாளில் புளித்துவிட்டது. வழி காட்டியவர் பக்கத்துத் தெரு ஓடாவி, படகு கட்டும் தச்சர். வத்தை என்னும் மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து மேலே பூசும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைக் காட்டினார்.

"எண்ணெய் கூடினால் இளகும், குறைந்தால் உடையும். உனக்கு எப்படி வேண்டும், தம்பி?"

"ஒரு பொழுதுக்குள் தன் எடையிலேயே தானாகப் பரவ வேண்டும் அண்ணே. ஆனால் கையில் ஒழுகக் கூடாது."

மூன்று முறை எண்ணெயைக் கூட்டிக் குறைத்து அந்தப் பதத்தைப் பிடித்துக் கொடுத்தார். குங்கிலியமும் எண்ணெயும் தீப்பிடிக்கக்கூடியவை. வெளியே, தணலில், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்ச்ச வேண்டும். பிள்ளைகளை அருகில் விடக் கூடாது.

அதிலும் ஒரு தடங்கல். மணலைவிடக் குங்கிலியக் கலவை எடை குறைந்தது. ஓர் இரவு விட்டால் மணல் அங்கங்கே உள்ளே இறங்கி, கலவை மேலே குமிழாக வந்துவிட்டது. சாக்பீஸ் தூளைச் சேர்த்துப் பிசைந்து, ஒரு டம்ளர் கலவை ஒரு டம்ளர் மணலின் எடைக்கு வரும்வரை கனமாக்கிய பின் நின்றது. ஒன்றரை செ.மீ. கனத்துக்கு அதைப் பரப்பி, மேலே மூன்று செ.மீ. மணல்.

முதல் ஓட்டம் இரவில் நடந்தது. நிமிடத்துக்கு ஒரு சுற்று. விளைவு வெறும் மணலைப் போலவே: பலகைக்கு அருகில் செங்குத்தான குவியல். கலவை மாற்றம் எதுவும் தரவில்லையே என்று அயர்ந்துபோனேன். மிச்சம் இருந்த கலவையை உருண்டையாக்கி ஒரு கல்லின் மீது வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையிலும் உருண்டை உருண்டையாகவே இருந்தது. நடுப்பகலில், தகரக் கூரை கொதிக்கும் நேரத்தில், அதே உருண்டை இரண்டு மணி நேரத்துக்குள் அப்பளமாகிவிட்டது.

எனக்கு வேண்டிய விடை அந்த உருண்டையில் இருந்தது. மணலுக்கு வேகமும் தெரியாது, வெப்பமும் தெரியாது. கலவைக்கு இரண்டும் தெரியும். குளிரில் வேகமாகத் தள்ளினால் அது விறைத்து மணலுக்குத் துணை போகிறது. சூட்டில் மெல்லத் தள்ளினால் வழி விடுகிறது. கண்டத்தின் அடிப்பாகமும் அப்படியே: எங்கே சூடோ அங்கே தளர்வு, எங்கே பழைய குளிர்ந்த பாறையோ அங்கே விறைப்பு.

அடுத்த ஓட்டத்தைக் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை வைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. அவளும் நானும் முறை வைத்துச் சுற்றினோம். இந்த முறை பலகைதான் இந்தியா, மணலும் கலவையும் ஆசியா. நாற்பது சுற்று முடிந்தபின் கடுகுகளின் நகர்வை இரண்டு ஓட்டங்களுக்கும் எடுத்தோம். பலகை 70 மி.மீ. நகர்ந்தது. வெறும் மணலில், தொடக்கத்தில் 10 செ.மீ. தள்ளியிருந்த கடுகு 41 மி.மீ., 20 செ.மீ. தள்ளியிருந்தது பூஜ்யம். சூடான கலவை மீது, 10 செ.மீ. கடுகு 58, 20 செ.மீ. கடுகு 37, 30 செ.மீ. கடுகு 14, 40 செ.மீ. கடுகு 2 மி.மீ. ஒரே தள்ளல்தான். ஒரு பெட்டியில் அது ஓரத்திலேயே தீர்ந்துபோயிற்று; இன்னொன்றில் பாதிப் பெட்டிக்கும் பங்கு போயிற்று. குவியலும் செங்குத்தாக இல்லை. அகலமாக, தட்டையாக, மேசை போல எழுந்திருந்தது.

திபெத் அந்த மேசை. சராசரி உயரம் 5,000 மீட்டர். சாதாரணக் கண்ட மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர் கனம். திபெத்தில் அது சுமார் 70. இந்தியா யுரேசியாவை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. வேகத்தில் நகர்கிறது. அதில் ஏறக்குறைய பாதியை இமயமலை வாங்கிக்கொள்கிறது. மீதி திபெத்துக்கும், அதற்கும் வடக்கே உள்ள தியான் ஷான் மலைகளுக்கும் பிரிந்து போகிறது. எங்கள் கடுகுக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே குடும்பம் என்பது அவளுக்கு அன்று மாலை புரிந்தது. எண்களை அவளே வரைதாளில் குறித்தாள்.

கடைசிச் சோதனைக்காகத் தள்ளும் பலகையைப் பாதி அகலமாக, 15 செ.மீ. ஆக வெட்டினேன். ஒரு பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த ஓரத்தைச் சரிவாக விட்டேன். இந்தியா ஆசியாவின் முழு நீளத்தையும் தள்ளவில்லை. ஒரு முனையாகக் குத்துகிறது. கிழக்கே பசிபிக் பக்கம் விலக இடம் இருக்கிறது. பிரான்ஸின் பால் தப்போனியேவும் அவர் குழுவும் 1982இல் பிளாஸ்டிசின் என்னும் பொம்மைக் களிமண்ணை வைத்து இதைச் செய்து, இந்தோசீனாவும் தென்சீனாவும் பக்கவாட்டில் பிதுங்கிப் போயின என்று காட்டினார்கள். அதே ஆண்டு பிலிப் இங்கிலாந்தும் டான் மெக்கன்சியும் கண்டத்தை ஒழுகும் மெல்லிய தகடாகக் கொண்டு கணக்குப் போட்டார்கள். அந்தப் பார்வையில் பக்கவாட்டில் போவது குறைவு, கனம் கூடுவதே பெரும்பங்கு. துண்டு துண்டாக நகர்கிறதா, பாகு போலப் பரவுகிறதா என்ற வாதம் அங்கிருந்து வளர்ந்தது. என் பெட்டியில் இரண்டும் நடந்தன. மேலே கடுகு வரிசைகள் சாய்வான கோடுகளில் அறுந்து, எதிரே நின்று பார்த்தால் மறுபக்கம் இடப்புறமாக நகர்ந்திருந்தது. திபெத்தின் வடக்கு ஓரத்தில் அல்தின் தாக் பிளவு நகர்வது அப்படித்தான். அடியில் கலவை அறுபடாமல் ஒழுகியிருந்தது. மணலைப் பார்ப்பவர் துண்டு என்பார், கலவையைப் பார்ப்பவர் பாகு என்பார். இரு தரப்பும் பார்த்த ஆழம் வேறு என்பதே என் எண்ணம்.

சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியை மறுநாள் மதியம் வரை அப்படியே விட்டோம். பள்ளி விட்டு வந்தவள்தான் முதலில் பார்த்தாள். எழுந்த மேசையின் நடுவே இரண்டு நீளமான பள்ளங்கள். தள்ளிய திசையிலேயே, அதாவது எங்கள் பெட்டியின் தெற்கு வடக்காக. ஓரங்கள் செங்குத்துக்கு அருகே. அளந்தால் 60 பாகை. நெருக்கிய பெட்டியில் இழுபட்ட விரிசல்!

"தள்ளினோம், ஆனால் பிய்ந்திருக்கிறதே சித்தப்பா?"

உயர எழுந்த மேசை தன் எடையைத் தானே தாங்காமல், திறந்திருந்த பக்கமாகச் சரிந்து பரவுகிறது. மேலுள்ள மணல் அந்தப் பரவலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளக்கிறது. திபெத்தின் தென்பகுதியில் தெற்கு வடக்காக ஓடும் பள்ளத்தாக்குகள் வரிசையாக இருப்பது இதனால்தான். கிழக்குத் திபெத் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஜனவரியில் டிங்ரியில் நடுங்கியதும் அப்படி ஒரு பள்ளத்தின் பிளவு. அங்கே நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டு ஒரு பக்கம் கீழே இறங்கியது. அவள் கொண்டுவந்த கேள்வி மூன்று மாதம் கழித்துப் பெட்டிக்குள்ளேயே விடையோடு படுத்திருந்தது. சில நிமிடம் இருவரும் பேசவில்லை.

இந்தப் பெட்டி காட்டாததையும் சொல்ல வேண்டும். மணல் வில் போல வளைந்து விசையைச் சேர்த்து வைக்காது. ஆகவே இதில் நிலநடுக்கம் வராது. பாறை பல பத்தாண்டுகள் வளைந்து நின்று ஒரு நொடியில் விடுபடுவதை 1906 சான்பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்குப் பிறகு ஹாரி ரீட் விளக்கினார். அதைக் காட்ட ரப்பரும் சுருள்வில்லும் கொண்டு வேறு பெட்டி செய்ய வேண்டும். கண்ணாடி ஓரத்தில் உராய்வால் பிளவுகள் வளைகின்றன. முகப் பவுடர் தேய்த்தும் முழுக்கச் சரியாகவில்லை. ஆகவே ஓரத்தை நம்பாமல், தெளிப்பானில் தண்ணீர் தூவி மணலை இறுக்கி, ரொட்டி வெட்டுவது போல நடுவில் வெட்டித்தான் கடைசி அளவுகளை எடுத்தோம்.

தள்ளும் பலகையின் மீதும் மூன்று கடுகுகளை ஒட்டியிருந்தோம். ஒன்று தங்கச்சிமடம், ஒன்று பெங்களூரு, ஒன்று ஹைதராபாத் என்று அவள் பெயர் எழுதி வைத்தாள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள ஜிபிஎஸ் நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்கே போகிறது. நம் கரையும் அதே போக்கில் கூடவே போகிறது. நமக்கும் அதற்கும் இடையேயுள்ள தூரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. எல்லாப் படங்களிலும் அந்த மூன்று கடுகுகளுக்கும் இடையிலான தூரத்தை அவள் அளந்து பார்த்தாள். அளவுகோலில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு மணல் தகட்டில் காய்கிறது. கலவையின் ஒரு பாதியில் எண்ணெயைக் குறைத்து, பெட்டியின் மேற்குப் பக்கத்தை மட்டும் விறைப்பாக்கிப் பார்க்கப் போகிறோம். திபெத்துக்கு வடமேற்கே இருக்கும் தாரிம் படுகை அப்படிப்பட்ட குளிர்ந்த கெட்டி நிலம். சுற்றிலும் மலை எழ, அது மட்டும் மடியாமல் கிடக்கிறது. சித்திரை வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் கலவை பெட்டியில் நிற்காது என்று ஓடாவி சொல்லியிருக்கிறார்.